'சைக்கோகேண்டி'யின் இரைச்சல்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' படத்தின் முடிவில் வரும் 'ஜஸ்ட் லைக் ஹனி' பாட்டில் சொக்கிப்போய், ஸ்காட்லாந்து ராக் குழுவான ஜீசஸ் அண்ட் மேரி செயினின் 'சைக்கோகேண்டி' ஆல்பத்தை முழுதாகக் கேட்டேன். பல பாட்டுகளில் ஒரே கீச்சும் இரைச்சலும். என் ஹெட்போன் போய்விட்டது என்றே நினைத்தேன். குறைந்த செலவில் எடுத்தது என்கிறார்கள். கையில் காசு இருந்திருந்தால் சுத்தமாக எடுத்திருப்பார்கள், இல்லையா?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காசு குறைவுதான். ஆனால் இரைச்சல் அதனால் வந்ததல்ல, வேண்டுமென்றே வைத்தது.

குழுவின் பாடகர் ஜிம் ரீட், கிதார் வாசிக்கும் வில்லியம் ரீட் இருவரும் கிளாஸ்கோவுக்கு அருகே ஈஸ்ட் கில்பிரைடு ஊர்ச் சகோதரர்கள். அப்பாவுக்கு ஆலை வேலை போனபோது கிடைத்த பணத்தில் 300 பவுண்டை வாங்கித்தான் வீட்டில் பாட்டுப் பதிவு செய்யும் கருவியை வாங்கினார்கள். 1985இல் வடக்கு லண்டனில், ஜான் லோடரின் சதர்ன் ஸ்டுடியோவில் ஆல்பம் பதிவானது. செலவு சுமார் 17,000 பவுண்டு என்பார்கள். பாபி கில்லெஸ்பி நின்றபடி அடித்தது இரண்டே டிரம். டக்ளஸ் ஹார்ட்டின் பேஸ் கிதாரில் இரண்டே கம்பி. தயாரிப்பாளர் என்று தனியாக யாரும் கிடையாது. அந்த இடத்தில் குழுவின் பெயர்தான் இருக்கிறது.

அப்புறம் அந்தக் கீச்சு. கிதாரை ஆம்ப்ளிஃபயருக்கு நேரே பிடித்தால், அதிலிருந்து வரும் ஒலியே கம்பியை அதிரவைக்கும். அந்த அதிர்வு மறுபடி உள்ளே போய், இன்னும் பெரிதாகி வெளியே வரும். கல்யாண மண்டபத்தில் மைக் கூவுகிறதே, அதே சங்கதிதான். வில்லியம் அதைப் பழக்கி, பாட்டுக்குள் இன்னொரு குரலாக ஓடவிட்டார்.

'ஜஸ்ட் லைக் ஹனி'யின் தொடக்கத் தாளம், ரோனெட்ஸ் 1963இல் பாடிய 'பி மை பேபி'யின் தாளம். அந்தக் காலப் பெண்கள் குழுக்களின் பாட்டும் இவர்களுக்கு உயிர், நியூயார்க் ராக் குழு வெல்வெட் அண்டர்கிரவுண்டின் சத்தமும் உயிர். 'யூ டிரிப் மீ அப்' பாட்டை மறுபடி போட்டு, கிதாரை விட்டுவிட்டு ஜிம்மின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். காதுக்குள் ரம்பம் ஓடும்போதும் அவர் அலட்டிக்கொள்ளாமல், முணுமுணுப்பதுபோல் பாடுவார். மெட்டு அவ்வளவு இனிமை. இரைச்சலை எடுத்துவிட்டால் எனக்கு அது திகட்டிவிடும்.

சரி, சுத்தமாக எடுக்க அவர்களுக்குத் தெரியாதா? 1987இல் வந்த அடுத்த ஆல்பம் 'டார்க்லேண்ட்ஸ்' கேளுங்கள். கீச்சைப் பெரும்பாலும் அவர்களே இறக்கிவைத்துவிட்டார்கள். 'சைக்கோகேண்டி' பிரிட்டன் பட்டியலில் 31ஆம் இடத்தோடு நின்றது. 'டார்க்லேண்ட்ஸ்' 5ஆம் இடம் வரை போனது. நல்ல ஆல்பம்தான். ஆனால் மை பிளடி வேலண்டைன் போன்ற குழுக்களுக்கு வழி திறந்துவிட்டது, உங்கள் ஹெட்போன்மேல் சந்தேகம் வரவைத்த அந்த முதல் ஆல்பம்தான்.