ஜெபம் முழுவதும் 'எனக்கு' என்றே வருகிறதா?

என் ஜெபம் என் தேவைகளைத் தாண்ட என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெப நேரத்தை நீட்டாதீர்கள். ஜெபத்தில் வரும் ஆட்களைக் கூட்டுங்கள். ஞானஸ்நானம் பெற்றுப் பத்து வருடமாகியும் "என் வேலை, என் கடன்" தாண்டவில்லை என்கிறீர்கள். 'தேவன் எனக்கு இதைத் தந்தார்' என்று சபையில் சொல்லும் ஆசீர்வாதச் சாட்சிகளையே கேட்டுப் பழகியது காரணமாக இருக்கலாம்.

கர்த்தருடைய ஜெபத்தை (மத்தேயு 6:9-13) மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'எனக்கு' ஓரிடத்திலும் இல்லை, எல்லாம் 'எங்களுக்கு'. அந்த 'எங்கள்' யார் யார் என்று எழுதுங்கள். நான் எழுதியபோது வீட்டார் நால்வரோடு நின்றுவிட்டது. அப்போது காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆராதனையில் என் பக்கத்தில் உட்காரும் அண்ணன் படகுத் தொழிலாளி. வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்டதே இல்லை. பெயர்கூடத் தெரியாது!

சொந்தத் தேவையைக் கேட்பது பாவமல்ல, நிறுத்திவிடாதீர்கள். கடன் தொல்லையில் தூக்கமே போயிருந்தால் அது முதிர்ச்சிக் குறைவல்ல. போதகரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.