நெட்டி எடுத்தால் இடுப்பு வளையுமா?

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் 36 வயதுச் சகோதரி கேட்கிறார்: "இரண்டு மாதமாக இடுப்பு பிடித்திருக்கிறது, குனிந்து துணியை எடுக்க முடியவில்லை. முதுகெலும்புக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) விலகியிருக்கிறது, கையாலேயே உள்ளே தள்ளிவிடலாம் என்கிறது ஒரு மையம். 15 சிட்டிங்குக்கு 12,000 ரூபாய் முன்பணம். கட்டலாமா?"

கட்டாதீர்கள்.

கை சிகிச்சை பொய்யில்லை. குப்புறப் படுக்கவைத்து முதுகெலும்பைக் கணுக்கணுவாக மெதுவாக அழுத்திவிட்டால் தசை தளரும், வலி அடங்கும், குனிவதும் கூடும். ஆனால் அந்தச் சுகம் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். அதற்குள் உடம்பை அசைத்துப் பழக்கினால்தான் கிடைத்தது தங்கும். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுங்கள். கைகால் ஊன்றி முதுகை மேலும் கீழும் வளையுங்கள். மணிக்கு ஒருமுறையாவது மெஷினைவிட்டு எழுந்து நில்லுங்கள். பயிற்சி சொல்லித்தராமல் அழுத்தி மட்டும் அனுப்புகிறவரிடம் மறுபடி போகவேண்டாம். மூன்று, நான்கு முறையில் கொஞ்சமும் மாற்றம் இல்லையென்றால் பதினைந்தாவது முறை வந்துவிடப்போவதில்லை.

வட்டை யாரும் கையால் உள்ளே தள்ள முடியாது. 'டப்' என்ற சத்தம் மூட்டு நீரில் வாயுக்குமிழி உருவாவதால் வருவது, எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தமல்ல. ஸ்கேனில் வட்டு பிதுங்கியிருக்கிறது என்று பயமுறுத்துவார்கள். வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அப்படித்தான் தெரியும். அப்புறம் இடுப்பு பெல்ட்டும், எடை கட்டியோ மெஷினிலோ முதுகை இழுக்கும் இழுவைச் சிகிச்சையும் சேர்த்து விற்பார்கள். நாள்பட்ட இடுப்புவலிக்கு அந்த இரண்டும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. பிசியோதெரபியை ஒழுங்குபடுத்த 2021இல் மத்திய சட்டம் வந்தது. ஆனாலும் சில நாள் பயிற்சிச் சான்றிதழை மாட்டிவைத்து முதுகை நெரிக்கிறவர்களை யாரும் தட்டிக்கேட்பதில்லை. பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டம் படித்தவரா என்று வாசலிலேயே நீங்கள்தான் கேட்டாக வேண்டும்.

உங்கள் வயதுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்திருக்கிறதா? நடந்தால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடுகிறதா? பின்னிரவில் வலி எழுப்புகிறதா? மூன்று மாதம் தாண்டியும் இப்படியே இருந்தால் அது முதுகெலும்பைத் தாக்கும் அழற்சி மூட்டுவாதமாக இருக்கலாம். கண் சிவந்து வலித்ததுண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்றும் யோசித்துப் பாருங்கள். அந்த நோய் முற்றினால் முதுகெலும்பு ஒட்டிப்போய் எளிதில் உடையும். அதில் வேகமாக நெட்டி எடுத்தால் விபரீதம். எத்தனையோ பேர் வருடக்கணக்கில் இடுப்புப் பிடிப்பு என்று பிடித்துவிட்டுக்கொண்டே இருந்துவிட்டு, வளையாமல் போன பிறகு வருகிறார்கள். சந்தேகம் இருந்தால் முதலில் மூட்டுவாத மருத்துவர், பிறகுதான் கை சிகிச்சை.

சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ தொடையிடுக்கு மரத்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இதில் எதுவும் இல்லையா? சரி, இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொண்டு போய் பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதித்தரக் கேளுங்கள். அரைநாள் கூலி போகுமே என்றுதான் இரவில் திறந்திருக்கும் மையத்துக்குப் போகிறீர்கள், தெரியும். தொழிலாளி ஷிப்ட் முடிந்து வரும் நேரத்தில் இந்தச் சிகிச்சை கிடைக்காதது உங்கள் குற்றமல்ல. ஆனால் அந்த அரைநாள் கூலி 12,000 ரூபாய் ஆகாது.