செல்லப் பிராணியிடமிருந்து நோய் தொற்றுமா? கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்கு இரண்டு மாதம். விளையாடும்போது பல் பட்டு மகன் கையில் லேசாக ரத்தம் வந்துவிட்டது. வீட்டில் வளரும் குட்டிதானே, ஊசி தேவையா டாக்டர்?

பதில்: தேவை, இன்றைக்கே போங்கள். குட்டிகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில்தான் போடுவோம். உங்கள் குட்டிக்கு இன்னும் போட்டிருக்க மாட்டீர்கள்.

கிளம்புவதற்கு முன் குழாயைத் திறந்துவிட்டுக் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள், பலரும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். வெறிநோய்க் கிருமிக்கு மேலே ஒரு கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். ஒரு பாட்டி நாயைக் காட்ட வந்தபோது கூடவே பேரனும் வந்தான். அவன் கணுக்காலில் பல் பதிந்த இடத்தில் காப்பித்தூள் காய்ந்து அடை மாதிரி ஒட்டியிருந்தது. குழாயடியில் உட்காரவைத்துக் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். இன்று போட்டால், அப்புறம் 3, 7, 28ஆம் நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்திருப்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) ஊசி பற்றியும் கேளுங்கள். குட்டியைப் பத்து நாள் கவனியுங்கள், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் இந்த நோயிலிருந்து ஆளைக் காப்பாற்ற வழியில்லை.

கேள்வி: மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறேன். பூனையை எங்காவது விட்டுவிடச் சொல்கிறார் மாமியார். மனசு வரவில்லை.

பதில்: விட வேண்டாம் அம்மா. அவர் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்காக. அது கருவைப் பாதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பூனையின் மலத்தில் வெளிவரும் அந்தக் கிருமி, தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். அந்த வேலையைக் கணவர் செய்யட்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள், எலி பிடிக்க வெளியே விடாதீர்கள். நீங்களும் கறியை நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள், கீரை, காய்களை மண் போகக் கழுவுங்கள். பூனையைத் தொடாத பலருக்கும் சாப்பாடு வழியாக இது வருகிறது. பூனையைத் தடவிக் கொடுங்கள், அப்புறம் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், போதும்.

கேள்வி: பூனைக்குட்டியின் காதோரம் முடி கொட்டி வட்டமாக இருக்கிறது. மகள் கழுத்திலும் அதே மாதிரி வட்டம்.

பதில்: படர்தாமரையாகத்தான் இருக்கும். இருவருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் பாருங்கள். ஒருவரை விட்டால் மற்றவருக்குத் திரும்ப வரும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டவே வேண்டாம். அரிப்பு அடங்கும், ஆனால் பூஞ்சை உள்ளே பரவும். தலையணை உறை, குட்டி படுக்கும் துணி எல்லாவற்றையும் வெந்நீரில் துவையுங்கள்.

கேள்வி: நாயிடமிருந்து எலிக்காய்ச்சல் வருமா?

பதில்: வரும், சிறுநீர் வழியாக. நாய்க்கு வருடாந்திரத் தடுப்பூசி போடுங்கள். அது சிறுநீர் கழித்த இடத்தை வெறுங்காலோடு மிதிக்காதீர்கள்.

கேள்வி: லவ் பேர்ட்ஸ் கூண்டைச் சுத்தம் செய்தால் இருமல் வருகிறது.

பதில்: காய்ந்த எச்சத்தைப் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுத் துடையுங்கள். காய்ச்சலும் சேர்ந்து வந்தால், வீட்டில் பறவை இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் கேட்காமல் விடலாம்.