வால்நட்சத்திரம் பாக்க 525 மடங்கு டெலஸ்கோப் எதுக்கு?

கேள்வி: பிரகாசமான வால்நட்சத்திரம் வருதுன்னு சொல்றாங்க. வீட்ல பழைய 10×50 பைனாகுலர் (10 மடங்கு, முன் லென்ஸ் 50 மி.மீ. அகலம்) இருக்கு. கடைக்காரர் அது பத்தாது, 525 மடங்கு காட்டுற 60 மி.மீ. டெலஸ்கோப் எடுத்துக்குங்கன்றார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க. இந்த வேலைக்கு உங்க பைனாகுலரே மேல்.

அந்த 525 எங்கிருந்து வருதுன்னு பாருங்க. குழாயோட ஃபோகல் லெங்த் (முன் லென்ஸ்ல இருந்து பிம்பம் விழற தூரம்) 700 மி.மீ., அதை கூட வர்ற 4 மி.மீ. ஐபீஸால, அதாவது கண்ணு வெச்சுப் பாக்கற லென்ஸால, வகுத்தா 175 மடங்கு, நடுவுல 3× பார்லோங்கற மூணு மடங்கு பெருக்கற துணை லென்ஸைச் சொருகினா 525. கணக்கு சரிதான், ஆனா 60 மி.மீ. லென்ஸ் தாங்கறது அதிகபட்சம் 120 மடங்கு, அதுக்கு மேல போனா மங்கல்தான் பெருசாகும். இதெல்லாம் தெரிஞ்சும் பெட்டி மேல கொட்டை எழுத்துல 525ன்னு அடிக்கிறாங்க, கேக்க நாதி இல்ல. 180×100 ஜூம் பைனாகுலர்னு ஆன்லைன்ல வந்தாலும் அதே கதைதான், 100ங்கறது முன் லென்ஸோட அகலம் மி.மீ.ல, ஸ்கேல் வெச்சு அளந்து பாத்துட்டு காசு குடுங்க.

வால்நட்சத்திரம் புள்ளி கிடையாது, பரவிக் கிடக்கற மங்கின வெளிச்சம். பெருசாக்கப் பெருசாக்க இன்னும் நீர்த்துப்போய் வானத்தோட கலந்துடும். 525ல தெரியற வட்டம் நிலா அகலத்துல அஞ்சுல ஒரு பங்குதான் இருக்கும், உங்க 10×50ல பன்னெண்டு நிலாவை வரிசையா அடுக்கலாம். 2024 அக்டோபர்ல வந்த சூச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரத்தோட வால் அதுக்கும் அடங்காம நீண்டுது.

அதிக மடங்கு உதவற இடம் ஒண்ணு இருக்கு, சொல்லலன்னா சண்டைக்கு வருவாங்க. வால்நட்சத்திரத்தோட தலை ரொம்பப் பிரகாசமா இருந்தா நடுப்பகுதியை பெருசாக்கிப் பாக்கலாம், 1997ல ஹேல்-பாப்ல அடுக்கடுக்கா வளையம் மாதிரி தெரிஞ்சது அப்படித்தான். ஆனா அதுக்கு 150 மி.மீ. டெலஸ்கோப்பாவது வேணும், காத்து அசையாம இருக்கணும், வால்நட்சத்திரம் உசரத்துல இருக்கணும், இது மூணும் ஒண்ணா அமையறது அபூர்வம், முக்காவாசி நல்ல வால்நட்சத்திரம் அடிவானத்துல அந்தி வெளிச்சத்துக்குள்ளதான் நிக்கும், அங்க 150 மி.மீ. இருந்தும் பிரயோஜனம் இல்ல. 60 மி.மீ.க்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

நியூஸ்ல வர்ற பச்சை நிற படத்தை நம்பிப் போகாதீங்க, அது கேமரா நிறைய நேரம் திறந்து வெச்சு எடுத்தது. "நூற்றாண்டின் வால்நட்சத்திரம்"னு 2013ல ஐசானை ஊதினாங்க, அது நவம்பர் 28 சூரியன் கிட்ட போய் உடைஞ்சே போச்சு, ஊதினவங்க ஒருத்தரும் அப்புறம் வாயைத் திறக்கல.

தெரு விளக்கு இல்லாத இடமா, அடிவானம் மறைக்காத இடமா போங்க, இருபது நிமிஷம் போனைத் தொடாம கண்ணை இருட்டுக்குப் பழக்குங்க. முழங்கையை சுவத்துல ஊனிக்கிட்டு, வாலை நேரா முறைக்காம கொஞ்சம் பக்கத்துல பாருங்க, அப்பதான் வால் நீளமா தெரியும். சாயங்காலம்னா சூரியன் முழுசா மறைஞ்சப்புறம்தான் பைனாகுலரைத் தூக்கணும், விடியக்காலைன்னா சூரியன் எழறதுக்கு முன்னாடியே கீழ வெச்சுடணும், இதுல மட்டும் விளையாட்டு வேண்டாம், கண்ணு போயிடும்.

பழைய பைனாகுலர்ங்கறீங்க, இன்னிக்கு ராத்திரியே ஒரு நட்சத்திரத்தைப் பாத்துடுங்க. ரெண்டா தெரிஞ்சா உள்ள வெளிச்சத்தைத் திருப்பற கண்ணாடிக் கட்டி, அதாவது ப்ரிஸம், நகந்திருக்கு, அதை சரி பண்ணக் குடுங்க.