ஆலோசனையே சொல்லாத ஆலோசகரிடம் போவதில் என்ன பயன்?

உங்கள் கேள்வி இது: வயது 38, மூன்று மாதமாக ஒரு மனநல ஆலோசகரிடம் போகிறீர்கள், அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே தவிர என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை, பணம் வீணாகிறதா?

பாதிக் குழப்பத்துக்கு அந்தப் பெயர்தான் காரணம். 'ஆலோசகர்' என்று பலகை மாட்டிக்கொண்டு ஆலோசனை சொல்லாவிட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எனக்கும் வந்தது.

அப்பா இறந்த மறு ஆண்டு, தம்பியோடு வீட்டுப் பங்குத் தகராறில் தூக்கம் போயிற்று. முதலில் பார்த்தவர் இருபதே நிமிடத்தில், "விட்டுக்கொடுங்கள், காலையில் நடைப்பயிற்சி போங்கள்" என்றார். அதை என் பெரியம்மா காபியும் கொடுத்து இலவசமாகவே சொல்லியிருந்தார். இரண்டாவதாகப் போன பெண்மணி உங்கள் ஆலோசகரைப் போலத்தான்.

இப்படி அறிவுரை சொல்லாமல் கேட்கும் முறைக்கு வித்திட்டவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987). ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான மையத்தில் வேலை பார்த்தபோது நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். அடங்காத ஒரு பையன். சிறுவயதில் தாய் அவனை ஒதுக்கியதுதான் காரணம் என்று இவர் முடிவுகட்டி, அதைத் தாய்க்குப் புரியவைக்கப் பல சந்திப்புகள் முயன்றார். பலிக்கவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு விடைகொடுத்தார். வாசல்வரை போன அந்த அம்மாள் திரும்பி, "இங்கே பெரியவர்களையும் பார்ப்பீர்களா?" என்று கேட்டார். மீண்டும் உட்கார்ந்து, தன் மணவாழ்க்கையின் துயரத்தைக் கொட்டினார். இந்தத் தடவை ரோஜர்ஸ் அவர் போன போக்கிலேயே பின்தொடர்ந்தார். காலப்போக்கில் பையனும் தேறினான். எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்ற எண்ணம் அவருக்கு அங்கே உறுதிப்பட்டது.

1957இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையில், சிகிச்சையாளரிடம் இருக்க வேண்டியவற்றை அவர் வரையறுத்தார். முகமூடி இல்லாமல் இருப்பது, நிபந்தனை வைக்காமல் மதிப்பது, எதிரில் இருப்பவர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. சொன்ன கடைசி வார்த்தையைக் கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொல்வதையே இந்த முறை என்று நினைக்கும் ஆலோசகர்களும் உண்டு. உங்களுடையவர் அப்படிப்பட்டவரா என்று கவனியுங்கள்.

நான் இரண்டாவதாகப் பார்த்த அந்தப் பெண்மணியிடம் ஏழாவது சந்திப்பில் பொறுக்காமல், "சுவரோடு பேசுவது போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். உடனே மன்னிப்பும் கேட்டேன். எங்கள் வீட்டில் கோபப்பட்டவன் இரவுச் சாப்பாட்டுக்குள் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். அவர் சொன்னார்: "கேட்கக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் மன்னிப்பு வேண்டாம். இன்னும் கோபம் மிச்சமிருந்தால் அதையும் சொல்லுங்கள்."

மிச்சம் நிறையவே இருந்தது. நான்கு ஆண்டுகள் அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன், ஒருநாளாவது "நீ எப்படி இருக்கிறாய்" என்று தம்பி கேட்டதில்லை. அதைத்தான் சதுர அடிக் கணக்காக மாற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இதை எந்த அறிவுரையால் வெளியே எடுத்திருக்க முடியும்?

இது எல்லாருக்குமான மருந்து என்று சொல்ல மாட்டேன். ரோஜர்ஸே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மனச்சிதைவு நோயாளிகளிடம் முயன்றபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பக் கைகழுவும் எண்ணச் சுழற்சி நோய்க்குப் பயிற்சிகள் உள்ள சிகிச்சை பொருத்தம். காதில் குரல் கேட்டாலோ கடுமையான மனச்சோர்வு என்றாலோ மனநல மருத்துவரையும் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் தாமதிக்காமல் உதவி தேடுங்கள். இந்தியாவில் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

மற்றபடி, இங்கே எழுதிய கேள்வியை அடுத்த முறை அவரிடமே கேளுங்கள். முகம் சுளித்தாலோ பாடம் நடத்தினாலோ வேறு ஆளைப் பாருங்கள்.

நான் இன்னும் மாதம் ஒருமுறை போகிறேன். பங்கு இன்னும் பிரியவில்லை. தம்பி பொங்கலுக்கு வந்துபோனான்.