ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) சர்வரில், புதுப்பிப்புகளைத் தேடும் 'ஆப்ட் அப்டேட்' கட்டளையைக் கொடுத்தால் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டுகிறது. அதை மட்டும் நம்பலாமா?

நம்பாதீர்கள். அந்தச் செய்தியை ஓர் ஆண்டு முழுக்க நம்பியவன் எழுதுகிறேன்.

சிறிய அலுவலகம் ஒன்றில் தனி ஆளாக சர்வரைப் பார்த்துக்கொள்கிறீர்கள், கட்டணச் சந்தா வாங்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். என் நிலைமையும் அதுதான். 2023-இல் வெளியாளர் ஒருவர் வந்து ப்ராக்ஸ்மாக்ஸ் 8.0 நிறுவிக் கொடுத்தார். சந்தா இல்லாத சர்வரில் நிறுவியவுடன் அப்டேட் தேடினால் 401 என்ற பிழை வரும். காரணம், நிறுவும்போதே இயங்கு நிலையில் வரும் எண்டர்பிரைஸ் களஞ்சியம் (புதுப்பிப்புகள் வரும் இணையக் கிடங்கு) சந்தாதாரர்களுக்கு மட்டுமே திறக்கும். அவர் அமைப்புக் கோப்பில் அந்தக் களஞ்சியத்தின் வரிக்கு முன்னால் ஒரு '#' போட்டு அதை முடக்கி, பிழையை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாகச் சேர்க்க வேண்டிய, சந்தா தேவைப்படாத களஞ்சியத்தின் வரியைச் சேர்க்கவே இல்லை.

பிழை போய்விட்டது. ப்ராக்ஸ்மாக்ஸின் அடித்தளமான டெபியன் லினக்ஸின் களஞ்சியம் மட்டும் வேலை செய்தது. மாதம் ஒருமுறை நான்கைந்து டெபியன் பேக்கேஜ்கள் வரும், ஏற்றுவேன், பட்டியல் காலியாகும். எதுவுமே வராமல் இருந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஏதோ வந்துகொண்டிருந்ததால்தான் ஏமாந்தேன். கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு), கியூஇஎம்யு (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் நிரல்), நிர்வாகப் பக்கம் என்று இந்த சர்வரை மெய்நிகராக்க சர்வராக ஆக்குகிற பேக்கேஜ்கள் ஒன்றுகூட நகரவில்லை.

2024-இல் இரண்டாவது சர்வர் வாங்கி நானே நிறுவினேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து ஜன்னல்களில் திறந்து வைத்திருந்தேன். புதியதில் 8.2, கர்னல் 6.8. பழையதில் 8.0, கர்னல் 6.2. முந்தின வாரம்தான் பழையதில் அப்டேட் தேடி, எதுவும் நிலுவையில் இல்லை என்று மேலாளருக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தேன்.

அப்போதுதான், ப்ராக்ஸ்மாக்ஸின் நிர்வாகப் பேக்கேஜ் எங்கிருந்து வருகிறது என்று காட்டும் 'ஆப்ட் பாலிசி பிவிஇ-மேனேஜர்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். நிறுவிய பதிப்பும் கிடைக்கிற பதிப்பும் ஒன்றாக இருப்பதோடு நிறுத்தாமல், அதற்குக் கீழே உள்ள வரியையும் படியுங்கள். அங்கே களஞ்சியத்தின் இணைய முகவரி இருக்க வேண்டும். எனக்கு 100 என்ற எண்ணும், நிறுவிய பேக்கேஜ்களின் பதிவாக வட்டிலேயே இருக்கும் டிபிகேஜி நிலைக்கோப்பின் பாதையும் மட்டுமே வந்தன. தேடுவதற்கு இடமே இல்லாததால்தான் புதியது எதுவும் கண்ணில் படவில்லை. கட்டளை பிடிக்காதவர்கள் நிர்வாகப் பக்கத்தில் சர்வரின் பெயரைத் தேர்ந்தெடுத்து, அப்டேட்ஸின் கீழே இருக்கும் ரெபாசிட்டரீஸ் பக்கத்தைத் திறக்கலாம். ப்ராக்ஸ்மாக்ஸ் களஞ்சியம் எதுவும் இயக்கப்படவில்லை, அப்டேட் வராது என்று அங்கே தெளிவாகவே எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை நான் அதுவரை திறந்ததே இல்லை.

வரியைச் சேர்த்ததும் 70-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் வரிசையில் நின்றன. ஞாயிறு காலை பதினொரு விஎம்களையும் (மெய்நிகர் கணினிகள்) நிறுத்தி, 'ஃபுல்-அப்கிரேட்' கொடுத்து ரீபூட் செய்தேன். சர்வர் எழுந்தது, நெட்வொர்க் எழவில்லை. மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு சர்வர் அறைக்குப் போய்ப் பார்த்தால், புதிய கர்னலில் நெட்வொர்க் கார்டின் பெயருக்குப் பின்னால் 'என்பி0' என்று ஒட்டியிருந்தது. விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ் இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. இன்டர்ஃபேசஸ் கோப்பில் மூன்று எழுத்து சேர்த்ததும் சரியானது. 6.8 கர்னலில் இப்படிப் பெயர் மாறக்கூடும் என்று 8.2-இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

சந்தா வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் சொல்வார்கள். சரிதான், நானும் இரண்டு முறை கோரிக்கை வைத்தேன், நிராகரித்தார்கள். சந்தா இல்லாத களஞ்சியமும் ப்ராக்ஸ்மாக்ஸ் நடத்துவதுதான். முக்கியமான பணிகளுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள் என்பதும் தெரியும். அதனால்தான் இப்போது இரண்டாவது சர்வரில் ஏற்றி ஒரு வாரம் ஓடவிட்ட பிறகே முதலாவதைத் தொடுகிறேன். 'ஃபுல்-அப்கிரேட்' எதற்கு, வெறும் 'அப்கிரேட்' போதாதா என்றும் கேட்பார்கள். போதாது. பழைய பேக்கேஜ் ஒன்றை நீக்கினால்தான் புதியது ஏறும் என்ற நிலை வந்தால் வெறும் 'அப்கிரேட்' அதைத் தொடாமல் விட்டுவிடும், சர்வர் பாதி புதிதும் பாதி பழையதுமாக நிற்கும்.

அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு உள்ளே போனவன் மாலை நான்குக்கு வெளியே வந்தேன். மாற்று விடுப்பு கேட்டால், சர்வர் நின்றதே உங்களால்தானே என்றார்கள். நான் போட்டு வைக்காத '#'-க்காக இன்றுவரை அந்த ஒரு நாள் எனக்குக் கிடைக்கவில்லை. ஆலையில் இயந்திரத்துக்கு எண்ணெய் போட நிறுத்தினால் அது பராமரிப்பு, நாங்கள் நிறுத்தினால் மட்டும் அது கோளாறு என்பது என்ன நியாயம்?

பட்டியல் காலியான பிறகும் இரண்டைப் பாருங்கள். 'யூநேம் -ஆர்' கட்டளை காட்டும், இப்போது ஓடுகிற கர்னலும் நிறுவியிருக்கும் புதிய கர்னலும் வேறாக இருந்தால் ரீபூட் பாக்கி இருக்கிறது. கியூஇஎம்யு புதுப்பித்திருந்தால், அதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருக்கும் விஎம்கள் நினைவகத்தில் பழைய கியூஇஎம்யு-விலேயே ஓடும். விஎம்முக்குள் நுழைந்து விண்டோஸை ரீஸ்டார்ட் செய்தால் அது மாறாது. விஎம்மை முழுவதுமாக நிறுத்தி, நிர்வாகப் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.