வழிகாட்டிப் புத்தகமா, கால் போன போக்கா?

கேள்வி: அக்காவின் மகள் கனடாவிலிருந்து முதல் தடவையாகக் கொழும்புக்கு வருகிறாள். மூன்று நாள்தான் நிற்பாள். சுற்றுலா வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை வாங்கி, காலை எட்டு மணியிலிருந்து இரவு வரை திட்டம் போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறாள். என் மகனோ, “புத்தகம் எதுக்கு, இறங்கி நடந்தால்தான் ஊர் தெரியும்” என்கிறான். இரண்டு பேருக்கும் போனிலேயே சண்டை. யார் சொல்வது சரி?
- வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பிள்ளை படித்துவிட்டு வருகிறாள் என்றால் சந்தோஷப்படுங்கள் அம்மா. கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பியவர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதும், வுல்வெண்டால் தேவாலயம் 1757இல் ஒல்லாந்தர் திறந்தது என்பதும் தெருவில் சும்மா நடந்தால் தெரியவராது. இங்கேயே பிறந்து வளர்ந்த எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஆனால் சந்தையும் விலையும் புத்தகத்துக்காகக் காத்திருப்பதில்லை. மெனிங் சந்தை 2020இலேயே புறக்கோட்டையை விட்டுப் பேலியகொடைக்குப் போய்விட்டது, பழைய பதிப்பை நம்பி வந்தால் வீண் அலைச்சல்தான். 2022க்கு முன் அச்சான விலைகளையும் அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள், டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360 வரை ஏறிய வருஷம் அது.

போன வருஷம் வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதியுடன் புறக்கோட்டைக்குப் போனேன். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, “ரெட் மொஸ்க் எங்கே?” என்று வழியில் வந்த, மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவரிடம் கேட்டாள். மூட்டை ஏற்றிய வண்டியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடியே அவர், “சம்மாங்கோட்டுப் பள்ளியா?” என்று கேட்டுவிட்டு நாடியால் காட்டினார். நிமிர்ந்து பார்த்தால் சிவப்பும் வெள்ளையுமாக அது எங்கள் தலைக்கு மேலேயே நிற்கிறது! 1909இல் கட்டி முடித்த பள்ளி என்று அவளுக்குப் புத்தகம் சொல்லியிருந்தது, ஊர் அதற்கு வைத்த பெயரைச் சொன்னது அந்த மனிதர். அப்புறம் அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. கேபோஸ் லேனில் நாட்டு மருந்துக் கடைகளின் வாசனைக்கே அரை மணி நேரம் நின்றாள்.

அதனால் முதல் நாள் அவள் போட்ட திட்டப்படியே நடக்கட்டும். இரண்டாம் நாள் மகன் கூட்டிப் போகட்டும், வெயில் ஏறுமுன் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் பிடித்தால் நேரே புறக்கோட்டை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பாதிக்கு மேல் கடைகள் பூட்டியிருக்கும். புத்தகம் அன்று வீட்டிலேயே இருக்கட்டும், தொலைந்தால் கடைக்காரரிடம் கேட்கலாம், அங்கே தமிழுக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் நாளுக்குத் திட்டமே வேண்டாம், முதல் இரண்டு நாளில் எது பிடித்ததோ அங்கேயே திரும்பப் போகட்டும். வரும்போது கோட்டையிலிருந்து ரயில் எடுங்கள், கந்தோர் விடும் நேரத்துக்கு முன்பாக. வலப்பக்க ஜன்னலில் அவளை உட்கார வையுங்கள், வெள்ளவத்தை வரைக்கும் கடல் அந்தப் பக்கம்தான்.